பெண் அழைப்புக்கு எந்த வண்டி

என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வந்த வாரத்தில்தான் என் அண்ணனுக்கு மின்சாரக் கார் மீது திடீரென்று பாசம் பொங்கியது. அதுவரை அந்த மாதிரி வண்டிகளைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. "செல்போனுக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்கானுக" என்பார். லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வாங்கி, டீசல் வாசனையிலேயே காலத்தைக் கழித்த மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல், "புகை கெடையாது, கியர் கெடையாது, எம்புட்டு நேரம் ஓட்டுனாலும் சூடாகாதாம்ல" என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தார்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் சென்னையில் அப்படியொரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். கூரையைத் திறந்துகொள்ளலாம். கல்யாணத்துக்கு அதில்தான் வருகிறான்.

"பொண்ணழைப்புக்கு அந்த வண்டிய வச்சுக்கலாம் ஆத்தா. ஒன் வண்டி பாவம், வயசாயிருச்சு. அதப் போட்டு ஏன் வதைக்கணும்?" என்றார் அண்ணன்.

என் வண்டி மேல் அவருக்கு இரக்கமாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வண்டியை ஓட்டப்போகிற என்னை நினைத்துத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். அதை வாய்விட்டுச் சொல்ல மனம் வராமல் வண்டியைப் பிடித்துக்கொண்டார். நான் கணவனை இழந்தவள். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாதவள்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு நடக்கும். பெண்ணைச் சிங்காரித்து, கோவிலில் கும்பிட வைத்து, திறந்த காரில் ஏற்றி, மேளதாளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டிப்போவார்கள். அந்த ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் ஊரே தெருவில் நின்று அவளைப் பார்க்கும். அன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் அப்படிப் போனது எங்கள் வீட்டுப் பெட்ரோல் காரில்தான். புதுக்கோட்டையில் ஒரு பெரிய வீட்டில் கிடந்து துருப்பிடித்துக்கொண்டிருந்ததை என் கணவர் வாங்கிவந்து, பார்ட் பார்ட்டாகத் தேடிச் சேர்த்து ஓட வைத்தார். பாசிப்பச்சை நிறம். கித்தான் துணியில் கூரை, பின்னால் மடித்துவிடலாம். கல்யாணங்களுக்கு அவரே ஓட்டுவார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான், அதே வண்டியில்.

மகள் பள்ளியில் படிக்கும்போது அவர் மாரடைப்பில் போனார். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வண்டியை விற்கச் சொன்னவர்களிடம் விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மகளை ஏற்றிக்கொண்டு தினமும் அதிலேயே பள்ளிக்கூடம் போய் வந்தேன். அதோடு கல்யாணங்களுக்கு அதைக் கூப்பிடுவது நின்றுபோனது. காரணம் யாரும் சொல்லவில்லை. எனக்குப் பொட்டு அழித்த ஊர், வண்டிக்கும் சேர்த்து அழித்துவிட்டது.

மகள் பெரியவளானபோது சடங்கு வைத்தோம். அண்ணன் தாய்மாமன் சீரைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து இறக்கினார். மகளுக்கு மாலை போடும் நேரத்தில் அண்ணி என் தோளைத் தொட்டு, "நீங்க உள்ள இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, வெளியே குலவை போடும் சத்தத்தைக் கேட்டேன். என் பிள்ளையை நான் பார்க்கவில்லை. பிறகு போட்டோவில்தான் பார்த்தேன். இன்னொரு தடவை அப்படி நிற்கமாட்டேன் என்று அந்த அடுப்படியிலேயே முடிவு செய்தேன். அவளை மண்டபத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். தாலி கட்டும்போது எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளட்டும், அந்த ஒரு சாயங்காலம் எனக்கு வேண்டும்.

ஆகவே அண்ணன் வண்டியைப் பற்றிப் பேசினால் நானும் வண்டியைப் பற்றியே பேசுவது என்று வைத்துக்கொண்டேன். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாதா? பையன் வயிற்றுவலி என்று சொன்னால் வயிற்றுவலிக்கு மருந்து கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்த பிறகுதான் வீட்டுப்பாடம் எழுதாத கதை வெளியே வரும்.

"என்ன கொறை என் வண்டியில?" என்று கேட்டேன்.

"மேளக்காரன் நடக்குற வேகத்துல ஓட்டுனா கொதிச்சுருமே."

அது நிஜம்தான். மறைக்க என்ன இருக்கிறது? வைகாசி வெயிலில் அந்த வண்டியை ஊர்வல வேகத்தில் உருட்டினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். என் கணவர் ஒரு குடம் தண்ணீரை எப்போதும் பின்னால் வைத்திருப்பார். தெருமுனைக்குத் தெருமுனை நிறுத்தி ஊற்றுவார். சில ஊர்களில் அதையும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டு, பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து வண்டியைச் சுற்றி நின்றதுண்டு.

அடுத்த நாளே புதுக்கோட்டைக்குப் போய், பேட்டரியில் ஓடும் காற்றாடி ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தச் சொன்னேன். பொருத்தி வந்து, குடுமியான்மலைச் சாலையில் சோதனை ஓட்டம். மேளக்காரனுக்குப் பதிலாக என் மகள் காருக்கு முன்னால் நடந்தாள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, யாரும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று கைபேசியைப் பார்த்தபடி நடந்தாள். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கார் நல்ல பிள்ளையாக வந்தது, கோவில் கோபுரம் கண்ணில் படும் வரைக்கும். அப்புறம் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

மகள் திரும்பி வந்து, புளியமரத்து நிழலில் நின்றாள். "விட்டுரும்மா" என்றாள். "மாமா சொல்றதுக்கே போயிருவோம். கல்யாண நேரத்துல எதுக்குப் பிரச்சன?"

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. இவளுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன், இவளே இப்படிச் சொல்கிறாளே என்றிருந்தது. ஆனால் புதிதாக ஒரு வீட்டுக்குப் போகப்போகிற பெண், அவளுக்குப் பயம் இருக்காதா? "நீ நடந்து களைச்சுட்ட, ஏறு" என்று மட்டும் சொன்னேன். குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

கார் விஷயத்தில் அண்ணன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு அந்தப் பழைய வண்டி மேல் தெய்வ பக்தியெல்லாம் கிடையாது. மார்கழியில் கிளப்ப வேண்டுமென்றால் மாமனாருக்கு ராத்திரி மருந்து கொடுப்பது மாதிரி கெஞ்ச வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை இறங்கும். பிரேக்கை மிதித்துவிட்டு, நிற்கும் வரை நாலு சாமியைக் கும்பிடலாம். பத்து நிமிஷம் ஓட்டினால் சேலையெல்லாம் பெட்ரோல் வாடை. எனக்கு வேண்டியிருந்தது என் மகளுக்குப் பக்கத்தில் ஓட்டுநர் இருக்கை. அது எந்த வண்டியில் இருந்தால் என்ன?

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நண்பன் வந்து சேர்ந்தான். கண்ணைப் பறிக்கிற சிவப்பில், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வந்தது கார். வழி நெடுக ஒவ்வொரு வேகத்தடைக்கும் இறங்கி, குனிந்து பார்த்து, கோணலாக ஏற்றி இறக்கி வந்தானாம். எங்கள் பக்கத்து வேகத்தடைகள் யாரோ கோபத்தில் கட்டிய மாதிரிதான் இருக்கும். "வயித்துல இடிக்குது ஆன்ட்டி" என்று தனக்கே அடிபட்ட மாதிரி சொன்னான். ஜன்னல் வழியாக வயரை இழுத்து, எங்கள் வீட்டு கிரைண்டர் பிளக்கில் சார்ஜ் போட்டான். அன்று பகல் முழுக்க மாவாட்ட முடியவில்லை.

சாயங்காலம் தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கிப் பார்த்தோம். அண்ணன் முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். லாரி மிதித்த கால். அதே பலத்தில் இதையும் மிதித்தார். அப்பப்பா! வண்டி ஓடவில்லை, பாய்ந்தது. அண்ணனுடைய தோள்துண்டு தனியாகப் பறந்து விழுந்தது. கருவேலஞ்செடிக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்று, டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. இறங்கி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. "இது மனுசன் ஓட்டுற வண்டியில்ல" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தேடிப் போய்விட்டார்.

வண்டிக்காரப் பையன் முன்பக்கத்தில் வரிசையாகப் பதித்திருந்த சின்னக் கறுப்பு வட்டங்களைக் காட்டினான். "இதெல்லாம்தான் இதுக்குக் கண்ணு ஆன்ட்டி. முன்னால எது வந்தாலும் பாத்து நிறுத்திரும்."

பிறகு நான் ஏறினேன். வாத்தியாரம்மா மாதிரி மெதுவாகத் தொட்டேன். வண்டி மெதுவாக நகர்ந்தது. காலை எடுத்தால் நின்றது, வைத்தால் போனது. பழைய காரில் ஊர்வல வேகத்தில் போவதென்றால் இடது கால் கிளட்சிலேயே தவம் கிடக்க வேண்டும், முட்டி கழன்றுவிடும். இங்கே இடது காலுக்கு வேலையே இல்லை. எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றினேன். கொதிக்கவில்லை, குலுங்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பறப்பதற்கென்று கட்டிய வண்டி, எங்கள் ஊர் மேளக்காரருக்குப் பின்னால் நடப்பதற்கென்றே பிறந்த மாதிரி இருந்தது. ஒரே குறை, பழைய வண்டி கோளாறு செய்தால் பானெட்டைத் திறந்து அதோடு சண்டை போடலாம். இதில் திறந்தால் வெறும் பெட்டிதான் இருக்கிறது. யாரிடம் சண்டை போடுவது?

இறங்கி வந்து, "வண்டி பிரமாதம்ணே. நீங்க சொன்னதுதான் சரி. இதுலயே போவோம்" என்றேன்.

அண்ணன் முகம் மலர்ந்தது. அப்போதுதான் அண்ணி காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டே சீட்டுத்தான இருக்கு?" என்றாள்.

பெண்ணுக்கு ஒன்று. ஓட்டுகிறவருக்கு ஒன்று. தோழிக்கு இடமில்லை, நாத்தனாருக்கு இடமில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து ஓட்டப்போவது யார்? மாப்பிள்ளையின் நண்பனா? கல்யாணமாகாத பையன் பெண்ணோடு ஜோடியாக ஊர்வலம் போனால், பார்க்கிறவர்கள் அவனைத்தான் மாப்பிள்ளை என்று நினைப்பார்கள். அந்தப் பையனே, "ஐயோ அங்கிள், நான் மாட்டேன்" என்று பின்வாங்கினான். தாய்மாமன் ஓட்டலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் தாய்மாமன்தான் கருவேலங்காட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாரே. எங்கள் சொந்தத்தில் மற்றப் பெண்களெல்லாம் ஸ்கூட்டரோடு சரி.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

கண்மாய்க் கரையில் மேய்ந்த ஆடுகள் மட்டும் கத்தின.

"அது சரியா வராதும்மா" என்றார் அண்ணன்.

"ஏண்ணே? இந்த வண்டி கொதிக்காதே."

"நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக."

"என்னன்னு பேசுவாக? நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

கழுவுற மீனில் நழுவுற மீனாகக் கொஞ்ச நேரம் நழுவிப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்ல காரியத்துல நீ முன்னாடி வரக்கூடாது ஆத்தா. நாளப்பின்ன அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா..." அவர் கண் கலங்கியிருந்தது. என்னை அவமானப்படுத்த வேண்டும் என்று அவர் பேசவில்லை. மெய்யாகவே பயந்தார். தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தப் பயத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் குறைந்து, வருத்தம் கூடியது. என் நிழல் பட்டால் என் பிள்ளைக்கே ஆகாது என்று என் கூடப்பிறந்தவர் நம்புகிறார்.

"பெத்தது நான்" என்றேன். "அவ அப்பா போனதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் டியூசனுக்கும் காலேஜு பஸ்ஸுக்கும் ஓட்டிக்கிட்டுப் போனது நான். மழையில போயிருக்கோம், காய்ச்சலோட போயிருக்கோம். அப்பல்லாம் ஆகாதது இந்த ஒரு சாயங்காலத்துல ஆயிருமாண்ணே?"

நான் அங்கேயே நின்றுகொண்டு சம்பந்தி அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் ஓட்டலாமா என்று கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்த மாதிரி. "பொண்ணழைப்புக்கு நான்தான் காரு ஓட்டுறேன், ஒங்க காதுல போட்டு வைக்கிறேன்" என்றேன். "பொண்ணு நேரத்துக்கு மண்டபத்துக்கு வந்து சேந்தாச் சரிங்க" என்றார்கள். சரி என்ற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எனக்கு அது போதும்.

மண்டபம் பொன்னமராவதியில். ஊர்வலம் பிள்ளையார் கோவிலில் புறப்பட்டு, கடைவீதி வழியாகப் போக வேண்டும். நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். என்ன நிறம் கட்டலாம் என்று அண்ணி கேட்க வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூவைத் தொடுக்கப் போய்விட்டாள். அரக்கு நிறம்தான் கட்டினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, பையன் குறுக்கே விழுந்து, "சாமி, பானெட்ல வைங்க, அந்த வட்டத்துல மட்டும் வேணாம்" என்று கெஞ்சினான். பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். மேளமும் நாதஸ்வரமும் முன்னால், அதற்குப் பின்னால் உறவுக்காரர்கள், கடைசியில் நாங்கள். பையன் யாருடைய பைக்கிலோ ஏறி, வண்டி வந்து இறங்குவதைப் படம் பிடிக்க மண்டபத்துக்கு முன்கூட்டியே போய்விட்டான்.

தெருவில் நின்றவர்கள் முதலில் காரைப் பார்த்தார்கள், பிறகு பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னிடம் வந்ததும் சிலர் பார்வை சட்டென்று கீழே இறங்கியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும் என்று நேராகப் பார்த்து ஓட்டினேன். பக்கத்தில் மகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மல்லிகை வாசனை என் மேல் வீசிக்கொண்டே வந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது.

கடைவீதி பாதியில் ஓர் அம்மன் கோவில். அங்கே அண்ணன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் தனியாக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். என் ராசிக்கு மாற்று என்று வாய்திறந்து சொல்லவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது. சூடம் கொளுத்தி வண்டியைச் சுற்றினார். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த பெரிய சரத்தை முகப்பில் தொங்கவிட்டார். சந்தனக் கிண்ணத்தை வாங்கி, யார் கையிலும் கொடுக்காமல் தானே வைத்தார். பொட்டு வைக்கத் தோதாக அந்தக் கறுப்பு வட்டங்கள் அளவெடுத்த மாதிரி இருந்தன. ஒன்று விடாமல் ஒவ்வொன்றுக்கும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். நான் பேச நினைப்பதற்குள் வேலை முடிந்தது.

மேளம் மறுபடி கிளம்பியது. நான் மிதித்தேன். வண்டி அசையவில்லை. வண்டிக்குள் இருந்த திரை முழுக்கச் சிவப்பு. முன்னால் தடை இருக்கிறது என்று எழுதிக் காட்டி, டிக் டிக்கென்று அலறியது. மறுபடி மிதித்தேன். ஒரு முழம் நகர்ந்து, வெட்டி நின்றது. மகளின் நெற்றிச்சுட்டி ஆடியது. பையனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிப் போனது.

மேளக்காரர்கள் பின்னால் வண்டி நின்றது தெரியாமல் வாசித்துக்கொண்டே வீதி முனை திரும்பிவிட்டார்கள். மேளச் சத்தம் தேய்ந்ததும் மற்றச் சத்தம் கேட்டது. "அதான் சொன்னேன்" என்றது ஒரு குரல். "கோயில் வாசல்லயே நின்னுருச்சு பாத்தியா? அம்மனே நிறுத்திட்டா" என்றது இன்னொன்று. அண்ணி வேகமாக வந்து என் பக்கக் கதவைப் பிடித்தாள். "எறங்கிருங்க. வேற காரு சொல்லிவிட்டிருக்கு. சகுனம் சரியில்ல."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவர்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்று நானே நினைத்தேன். அப்போது என் முழங்கை மேல் குளிர்ந்த கை ஒன்று பட்டது. மருதாணிக் கை.

"எறங்காதம்மா" என்றாள் மகள். தலை நிமிர்ந்திருந்தாள். "நீ எறங்குனா நானும் எறங்கிருவேன்."

அவ்வளவுதான். அந்த நினைப்பு போய்விட்டது. இறங்கினால் மறுபடி ஏற விடமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, இந்த வண்டிக்குக் கண்ணு அந்த வட்டந்தான். கண்ணுல சந்தனத்த அப்புனா எப்பிடிப் போகும்? தொடைச்சு விடுங்க."

அவர் கையைப் பிசைந்தார். "பொட்டப் போயி எப்பிடிம்மா அழிக்கிறது? அதுவும் கோயில் வாசல்ல, நல்ல நாளும் அதுவுமா?"

"எனக்கு அழிச்சீங்கள்ல?" என்றேன்.

நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். ஆனால் சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவரை எடுத்த பதினாறாம் நாள், என் பொட்டை அழிக்கிற சடங்கில் கோடிச்சேலை கொண்டுவந்து போட்டவர் அவர்தான். பிறந்த வீட்டு முறை அது, அவர் செய்தே ஆக வேண்டும். அன்றைக்கு அவர் அழுத அழுகை எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவருக்கும் இருந்திருக்கும்.

தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்தார், வெள்ளை வேட்டியோடு, கடைவீதித் தார்ச்சாலையில். ஒவ்வொரு வட்டமாகத் துடைத்தார். துண்டு செக்கச்செவேல் என்றாகிவிட்டது. எலுமிச்சைச் சரத்தையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். திரையில் சிவப்பு அடங்கி, சாலை தெரிந்தது. தொட்டேன். கார் நகர்ந்தது.

ஆனால் மேளம் முன்னால் இல்லையே. வழி விட்டு நின்ற கூட்டமெல்லாம் வீதியில் இறங்கிக் கலந்துவிட்டது. பழைய பெட்ரோல் வண்டியாக இருந்தால் அது போடுகிற சத்தத்துக்குத் தெருமுனையிலேயே ஆடு மாடெல்லாம் ஒதுங்கும். இது பூனை மாதிரி பின்னால் போய் நின்றது, யாருக்கும் தெரியவில்லை. குறுக்கே ஓர் ஆள் வந்தாலும் வண்டி நின்றுவிடுகிறது. நான் ஹாரனை அடித்தேன். அதுவும் கூச்சப்பட்டுக்கொண்டு மெல்லிசாக முனகியது.

அண்ணன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு காருக்கு முன்னால் போனார். "வழி விடுங்க, வண்டி வருது!" என்று ஒரு குரல் கொடுத்தார். லாரி ஷெட்டில் கத்திப் பழகிய தொண்டை. கொஞ்சம் பேர் ஒதுங்கினார்கள். பாத்திரக்கடை வாசலில் நின்ற ஒரு கிழவர் நகராமல், காரை மேலும் கீழும் பார்த்து, "யாரு வண்டிப்பா இது?" என்றார்.

"மாப்பிள்ளையோட கூட்டாளி வண்டி."

"ஓட்டுறது யாரு?"

அண்ணன் நடையை நிறுத்தினார். நானும் காலை எடுத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. குங்குமம் அப்பிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எந் தங்கச்சி" என்றார். "பொண்ணப் பெத்த ஆத்தா. தள்ளி நில்லுங்க பெரியவரே."

அதன் பிறகு வண்டி வருது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "எந் தங்கச்சி வருது, ஓரமாப் போங்க! எந் தங்கச்சி வருது!" என்று கடைவீதி முழுக்கக் கத்திக்கொண்டே நடந்தார். மகள் என் முழங்கையிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அண்ணன் நடைக்குத் தக்கபடி மிதித்துக்கொண்டு, மண்டப வாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன்.